ராஜாவுக்குத் தலைப்பிரசவம்

கலை, இதைக் குளியலறையில் வைத்துப் படி. குழாயைத் திறந்து விட்டுக்கொள், வாளி நிரம்பும் சத்தத்தில் நீ என்ன செய்கிறாய் என்று வெளியே தெரியாது. போனில் பேசலாம் என்றால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். வாய்ஸ் அனுப்பினால் அது உங்கள் ஹால் முழுக்கப் பேசுகிறது. என் குரல் அப்படிப்பட்ட குரல். கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிய காலத்தில் நான் ஹாரன் அடித்ததே கிடையாது, தலையை வெளியே நீட்டி ஒரு அதட்டல் போட்டால் மாமல்லபுரம் வரைக்கும் ரோடு காலியாகும். அதனால்தான் கையால் எழுதுகிறேன். உன் சித்தி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். அஞ்சாவதோடு நின்றவன் எழுதுவது என்று பிழை பார்க்காதே. நானாக நிற்கவில்லை. இதற்குமேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் சரக்கில்லை என்று ஹெட்மாஸ்டரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் நீ கூப்பிட்டாய். வீட்டில் எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள் என்றாய். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. "நைனா, வெளி கிரில் கேட்டப் பூட்டிக்கினு சாவிய எடுத்துக்கினு போயிடறாங்க. டெய்லி இப்பிடித்தான். நான் கொஞ்ச நாளு வூட்டுக்கு வந்து இருக்கட்டா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். "சேஃப்டிக்குத்தான கண்ணு பூட்டறாங்க. பொத்தேரில திருட்டு பயம் ஜாஸ்தி. நீ இப்ப வந்து நின்னா, நான் இங்க சொல்லி வெச்சிகீறதெல்லாம் இன்னா ஆவறது" என்றேன். அப்புறம் "சரி நைனா" என்றாய். "ராஜா எப்பிடி கீது" என்று கேட்டாய். "அதுக்கு இன்னா, ராஜாவாட்டம் கீது" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் அந்தச் 'சரி'க்கு நான் கொடுக்க வேண்டிய பதில். ஆனால் நடுவில் ராஜா முட்டை போட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் பதிலுக்கு வர முடியாது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் சொன்னால் கொஞ்சம் நன்றாக இருக்கும். என் அண்ணன் பெற்ற பிள்ளை நீ. பேச்சு வருவதற்கு முன்பே என் தோளுக்கு வந்துவிட்டாய். சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன், நீ நைனா என்றாய், அப்படியே நின்றுவிட்டது. பிளஸ் டூ படிக்கும்போது, புதுப்பட்டினத்தில் ரோட்டுக்காகப் பனைமரம் சாய்த்த இடத்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சைத் துப்பட்டாவில் பொதிந்து கொண்டுவந்தாய். மயிர் முளைக்காத கறித்துண்டு மாதிரி இருந்தது. நான் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் ஆண் என்று சொல்லிவிட்டேன், பேரும் வைத்துவிட்டேன். பறவை விஷயத்தில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகு வந்துகொண்டிருந்த காலத்தில் குருக்கள் என்னைக் கேட்டுத்தான் சோற்றில் நெய் விடுவார்.

கோழிக்கறிக் கடை வைத்திருக்கும் நம் எதிர்வீட்டு இஸ்மாயில் பாய்க்கு அன்றிலிருந்தே சந்தேகம். "ஆம்பளக் கிளின்னா கழுத்துல செவப்பா வளையம் வரணும் அண்ணாத்த" என்பார். "வரும், இது உசந்த சாதி, லேட்டாத்தான் வரும்" என்பேன். வருஷங்கள் போயின. வளையம் வரவில்லை. "இன்னா அண்ணாத்த, வளையம் ஆர்டர் குடுத்துகீறியா" என்று காலையில் கடை திறக்கும்போதெல்லாம் கேட்பார். நான் அசையவில்லை. ராஜா ஏழு மொழி பேசும் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். பேசியது ஒரே ஒரு வாக்கியம். காலேஜ் விட்டு வந்து வாசலில் நின்று நீ கத்துவாயே, "நைனா, கதவத் தொற" என்று, அது. அச்சாக உன் குரல். நீ கல்யாணமாகிப் போன பிறகும் அது சொல்லும். நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திறப்பேன். உன் சித்தி, "யோவ், அது கிளிய்யா" என்பாள். தெரியும்தான். ஆனாலும் கால் போகிறது.

உன்னைக் கொடுத்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் வைத்திருந்தேன். உங்கள் நாலாம் மாடி நம் தெருவில் பதினாலாம் மாடி. பால்கனியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். "பொத்தேரிலேர்ந்து ஏது கடலு" என்று பாய் கேட்டார். "அந்த ஒசரத்துலேர்ந்து பாத்தா இலங்கையே தெரியும்" என்றேன். வேலைக்கு இரண்டு ஆள், கலை கையைத் தண்ணீரில் வைப்பதில்லை, மாமியார் அவளைக் கேட்காமல் காப்பிகூடக் குடிக்க மாட்டார். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வீட்டில் போய்த் தங்க வேண்டும் போலிருந்தது. நீ கேட்ட அன்றைக்கு, அந்தப் பதினாலு மாடியும் எனக்கும் உனக்கும் நடுவில் நின்றது.

இப்போது முட்டைக்கு வருகிறேன். ஒரு காலையில் கூண்டு வழக்கம்போல வாசல் கொக்கியில் தொங்கியது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பாய் கடை ஷட்டரைத் தூக்கியவர், அப்படியே ரோட்டைத் தாண்டி வந்து கூண்டுக்குக் கீழே நின்றார்.

"அண்ணாத்த, ராஜா இன்னாமோ வெச்சிகீது பாரு."

பார்த்தேன். கூண்டுத் தட்டில், பழைய பேப்பர் மேல், வெள்ளையாக ஒன்று. என் கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். ராஜா அதன்மேல் பாதி உட்கார்ந்து, பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை என்னவென்று சொல்வேன். அதற்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இருந்தது.

"பாய்," என்றேன், "நல்லால்ல. காட முட்டையக் கொணாந்து போட்டுட்டு வெளாடாத."

"காட முட்ட புள்ளி புள்ளியா இருக்கும் அண்ணாத்த. இது வெள்ளையா கீது."

"கழுவிட்டுப் போட்டிருப்ப."

பாய் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த கோழியெல்லாம் கத்தின. பால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். நான் கையை விட்டு முட்டையை எடுத்தேன். ராஜா கொத்தியது. அது என்னைக் கொத்தியது அதுதான் முதல் தடவை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து அரிசி டப்பாவில் புதைத்துவிட்டேன். சூடாக இருந்தது அந்த முட்டை.

அதற்கப்புறம் ராஜா பேப்பரைக் கிழித்துத் தேட ஆரம்பித்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்கும், தட்டின் மூலையில் அலகை விட்டுப் பார்க்கும், என்னைப் பார்க்கும். அடுத்த நாள் வயிறு திரும்பவும் உப்பின மாதிரி தெரிந்தது. ஊர் பார்க்க இன்னொன்று போட்டுவிட்டால் அதைக் காடை முட்டை என்று நான் சொல்லக்கூடப் பாய் இடம் தர மாட்டார். எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனைக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை. கூண்டை உள்ளே தூக்கிவிட்டு, திண்டிவனம் பக்கத்து ஜமீன் குடும்பம் ஒன்று ராஜாவைப் பார்க்க ஆசைப்படுகிறது, நானே நேரில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று தெருவில் சொன்னேன். உன் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். ஊருக்குப் போனவன் வீட்டுக்குள் நடமாட முடியுமா. அவள் சத்துணவுக் கூடத்துக்குக் கிளம்பும்போது, வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ஜன்னலையெல்லாம் சாத்தியாயிற்று. உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கலை. பொய் சொல்வது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் பொய் சொல்வதானால் வெளியே வர ஒரு கதவு வைத்துச் சொல். நான் கட்டினதில் அது இல்லை.

முதலில் ஜாலியாகத்தான் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு தெருவில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. ஃபேன் போட்டால் சத்தம் வெளியே போகும் என்று போடவில்லை. வேர்வையில் கட்டில் விரிப்பு முதுகோடு ஒட்டியது. இருமல் வந்தது, தலையணையில் வாயை வைத்து இருமினேன். நம் வீடு எவ்வளவு சின்னது என்று எனக்கு அதுவரை தெரியாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனால் திரும்பி வர வேண்டும், வேறு வழியில்லை. கடிகாரத்தைப் பார்ப்பேன், முள் அங்கேயே நிற்கும். சாவி இருக்கிற ஆள் வரும்வரைக்கும் நாம் இருக்கிறோமா இல்லையா என்பது அவர்கள் கையில். உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

உச்சிப்பொழுதில் ராஜாவைப் பார்த்தேன். கம்பியில் இல்லை. தட்டில் மூலையில் உட்கார்ந்து, மயிரெல்லாம் சிலிர்த்து உருண்டையாகிக் கண்ணை மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் போய்வந்தது. முக்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன், கொத்தவில்லை. அடிவயிற்றைத் தடவினால் உள்ளே கல் மாதிரி ஒன்று. இறங்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் காட்டினேன், குடிக்கவில்லை. உன் சித்திக்குப் போன் போட்டேன். சமையல் நேரத்தில் அவள் போன் பைக்குள்ளே கிடக்கும், எடுக்கவில்லை. பின்கதவு மழையில் ஊறி உப்பித் திறக்காமல் போனது உனக்கே தெரியும்.

அப்போதுதான் அது சொன்னது. கண்ணைத் திறக்கவில்லை. சத்தமும் முன்போல இல்லை, காற்று மாதிரி வந்தது.

"நைனா, கதவத் தொற."

நான் எழுந்து போனேன் கலை. பழக்கம். போய் நாதாங்கியைத் தள்ளி இழுத்தேன். கதவு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். பூட்டு வெளியே ஆடின சத்தம் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் உன் குரல் இன்னொரு தடவை, "நைனா, கதவத் தொற." என் கையில் சாவி இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்புறம் ஜன்னலைத் திறந்து, என் முழுக் குரலையும் எடுத்து, "பாய்" என்றேன்.

பாய் கறி வெட்டும் கையோடு எட்டிப் பார்த்தார். "அண்ணாத்த. நீ திண்டிவனத்துல கீற."

"ஆமா. கதவத் தொற."

"ஜமீன் வூட்டு ஜன்னலு நம்ம வூட்டு ஜன்னலாட்டமே கீது."

"பாய், வெளாடாத. ராஜாவுக்கு முட்ட மாட்டிக்கிச்சு. சாவப் போவுது."

தெருவே கேட்கும்படி சொன்னேன், ராஜாவுக்கு முட்டை என்று. பாய் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ஷட்டர் தூக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பூட்டை உடைத்தது தான்தான் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து நான் விட்ட உதையில் அது ஏற்கெனவே வாயைப் பிளந்துவிட்டது, அவர் தொட்டார், விழுந்தது.

பாய் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் ராஜாவைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பாய் ஒரு கேலி பேசவில்லை. "மூச்சு வுடுதா அண்ணாத்த" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டு வந்தார். வெந்நீர் ஆவியில் கொஞ்ச நேரம் வைத்தார், சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார், எண்ணெய் தடவி இருட்டான பெட்டிக்குள் விட்டார். முதல் முட்டை என்னாச்சு என்று கேட்டார். எடுத்துட்டேன் என்றேன்.

"எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா அது திரும்பத் திரும்பப் போடும். ஒடம்புல இருக்கறதெல்லாம் ஓட்டுக்கே போயிடும். அது பாட்டுக்கு உக்காரட்டும். ஆண் இல்லாததால பொரிக்காது, அலுத்துப் போயி அதுவே எந்திரிக்கும்" என்றார். அப்புறம் குரலை மாற்றி, "பச்சக்கிளிய வீட்ல வெச்சுக்கவே கூடாது, தெரியும்ல" என்று கேட்டார்.

"வெச்சிக்கல டாக்டர், அதுதான் எங்கள வெச்சிகீது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தெம்பு வந்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பறக்கப் பழக்கி விடுவார்கள் என்றார். தலையாட்டினேன். பெட்டிக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பாய்தான் முதலில் மூடியைத் திறந்தார். துண்டின்மேல் வெள்ளையாக இரண்டாவது முட்டை. பக்கத்தில் ராஜா, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு. வெளியே மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னா பேரு" என்றார் ஒருவர். "ராஜா" என்றேன். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்கள். பாய், "உசந்த சாதிங்க, இதுல ஆம்பளதான் முட்ட போடும்" என்றார். அந்த மனுஷனை நான் அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

அரிசி டப்பாவில் இருந்த முதல் முட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாயிற்று. ராஜா இரண்டையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூண்டுக் கதவு திறந்தே கிடக்கிறது, அது வெளியே வருவதில்லை, அதற்கு உள்ளே வேலை இருக்கிறது. உனக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நீ எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. உன்மேல்தான் பூட்டு உட்கார்ந்திருக்கிறது.

தெரு முழுக்க இப்போது நம் வீட்டில்தான். பாய் வீட்டம்மா முருங்கைக்கீரை கொண்டுவருகிறார். மீனவர் குப்பத்திலிருந்து யாரோ கரையில் ஒதுங்கின கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்பினார்கள், ராஜா கொறித்தால் எலும்புக்கு நல்லதாம். உன் சித்தி கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "யோவ், தலப்பிரசவம்னா தாயி பக்கத்துல இருக்கணும். இத்த எடுத்தாந்து வளத்தது யாரு, நீயா? கலைதான?" நான் அவளையே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரே யோசனை, அதுவும் நான் மனசில் நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

உடனே உன் மாமியாருக்குப் போன் போட்டேன். நீ அடுப்படியில் இருந்திருப்பாய், பாதிதான் கேட்டிருக்கும். முழுசாகச் சொல்கிறேன்.

"சம்பந்தி, நம்ம வூட்ல தலப்பிரசவம். கலையக் கூட்டிக்கினு போவ ஞாயித்துக்கிழம வரேன்."

"யாருக்குப் பிரசவம்?"

"ராஜாவுக்கு."

"ஆம்பளப் பேரா இருக்கு?"

"அதான் டாக்டரே அசந்துட்டாங்க. நம்ம கிளி."

"கிளிக்கா? ஒரு கிளிக்காக வீட்டுப் பொண்ண அனுப்பணுமா? இங்க வேலையெல்லாம் யாரு பாப்பா?"

"இன்னா சம்பந்தி, தாயி இல்லாம தலப்பிரசவம் பாக்கற வழக்கம் உங்க பக்கம் கீதா? எங்க பக்கம் இல்ல. தெருவே அவளுக்காகக் காத்துக்கினு கீது."

"ஞாயித்துக்கிழம நாங்க வெளிய போறோம்."

"நல்லாப் போய்ட்டு வாங்க. சாவிய மட்டும் கலைகிட்ட குடுத்துட்டுப் போங்க."

வைத்துவிட்டார். கொடுப்பாரோ மாட்டாரோ. கொடுக்காவிட்டாலும் வருகிறேன். பழைய டிரைவர் ஒருத்தர் வேன் தருகிறார். சித்தி வருகிறாள், பாயும் அவர் வீட்டம்மாவும் வருகிறார்கள். பாய், "கம்பிய எடுத்துக்கட்டா அண்ணாத்த" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாலாம் மாடிதான், லிஃப்ட் இல்லாவிட்டாலும் ஏறிவிடுவேன். உங்கள் கிரில் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, ராஜா முட்டை போட்ட கதையை முதலிலிருந்து என் முழுக் குரலில் சொல்வேன். மாடிக்கு எத்தனை வீடு இருந்தாலும் அத்தனை கதவும் திறக்கும். எல்லாரும் வந்து நின்று, உள்ளே ஒரு பெண்ணும் வெளியே ஒரு பூட்டும் இருப்பதைப் பார்ப்பார்கள். அப்புறம் சாவி தானாக வரும். இத்தனை நாள் நீ சொல்லி நான் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி அவர்கள் திறக்கட்டும்.

இதை ஒளித்துப் படி என்று ஆரம்பத்தில் எழுதினேன். முட்டையை ஒளித்து வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். குழாயை மூடு. ஹாலுக்குப் போ. எல்லாரும் இருக்கும்போது உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. மாப்பிள்ளை ஏதாவது கேட்டால், நைனா வருகிறார் என்று மட்டும் சொல்.

பையில் துணி கூடவே எடுத்து வை. ராஜா எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் தெருவில் வருஷக்கணக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நைனா